பட்டியலை மூடிவிட்டு ஆடுங்கள்

டோட்டா 2 என்னும் கணிப்பொறி விளையாட்டை முதன்முதலாகத் திறக்கும் மாணவனுக்கு எதிரே ஒரு பெரிய படப் பலகை விரிகிறது. அதில் 120க்கும் மேற்பட்ட முகங்கள். ஒவ்வொரு முகமும் ஒரு வீரர். ஆடுவோர் வழக்கில் 'ஹீரோ'. ஒவ்வொரு ஹீரோவுக்கும் தனக்கே உரிய ஆற்றல்கள் நான்காவது உண்டு. ஆக, ஏறத்தாழ 500 ஆற்றல்கள். இவை போதாவென்று, ஆட்டத்தின் நடுவே கடையில் வாங்கும் கருவிகள் வேறு. மாணவன் திகைத்து, ஆடிப் பழகிய நண்பர்களிடம் வழி கேட்கிறான். "முதலில் எல்லா ஹீரோக்களையும் படித்துவிட்டு வா" என்கிறார்கள் அவர்கள். அவனும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அகர வரிசைப்படி எழுதத் தொடங்குகிறான்.

அந்த நோட்டுப் புத்தகத்தை மூடி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. சோம்பலுக்கு இடம் கொடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. மனித மூளை எப்படிக் கற்கிறது, ஆற்றல்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்ற இரண்டையும் பார்த்தால் பட்டியல் வழி பயன் தராது என்பது விளங்கும்.

அறிவியல் இதழில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சில ஆசிரியர்கள் புருவத்தை உயர்த்தக் கூடும். மனித அறிவை ஆராய்ந்த உளவியலார் பலர் சதுரங்கப் பலகையின் முன்தான் உட்கார்ந்தார்கள். அதற்கு இடம் உண்டென்றால் இதற்கும் உண்டு.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். வார்கிராஃப்ட் 3 என்ற விளையாட்டை ரசிகர்கள் தாங்களே மாற்றியமைத்து 2003-ஆம் ஆண்டளவில் உருவாக்கியது டோட்டா. அதன் இரண்டாம் வடிவத்தை அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2013-இல் முறையாக வெளியிட்டது. பத்துப் பேர், அணிக்கு ஐவராக ஆடுகிறார்கள். ஆளுக்கொரு ஹீரோ. எதிரணியின் பாசறைக்குள் இருக்கும் 'ஏன்ஷியன்ட்' என்ற கட்டடத்தை முதலில் இடிப்பவர்கள் வென்றவர்கள். ஆற்றல்களை நினைத்தபோதெல்லாம் வீச முடியாது. ஒரு முறை பயன்படுத்தினால் அது மீண்டும் தயாராகச் சில வினாடிகளோ சில நிமிடங்களோ ஆகும். 'மானா' என்ற ஒருவகை எரிபொருளும் செலவாகும். இவ்வளவு தெரிந்தால் மேலே படிக்கலாம்.

இனி ஒரு சிறு கணக்கு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 120 ஹீரோக்கள் என்றே வைத்துக்கொள்வோம். இருவர் இருவராகச் சேர்த்தால் 7,140 இணைகள் கிடைக்கும். ஐவர் அணியாகச் சேர்த்தால் 19,05,78,024 அணிகள். சேர்மானங்கள் பற்றிப் பள்ளியில் படித்தவர்கள் சரிபார்த்துக் கொள்ளலாம். வினாடிக்கு ஓர் அணி என்று இரவு பகல் உறங்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டு போனால்கூட ஆறு ஆண்டுகள் ஆகும். இது ஓர் அணிக்கு மட்டும். எதிரில் இன்னோர் அணி நிற்கிறது!

ஆகவே 120 ஹீரோக்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்தவன் மிகச் சிறிய பகுதியைத்தான் அறிந்திருக்கிறான். ஆட்டம் நடப்பது இணைகளிலும் அணிகளிலும். அங்கே பட்டியல் உதவாது. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கு நன்றாகவே பொருந்தும்.

மூளையின் பக்கம் வருவோம். ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்தி வைத்திருக்கக் கூடிய செய்திகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஏழு என்று அமெரிக்க உளவியலார் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். அதுவும் அதிகம், உண்மையில் நான்குதான் இருக்கும் என்று நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். ஏழோ நான்கோ, சண்டை நடக்கும் அந்தப் பத்து வினாடியில் களத்தில் இருப்பவர்கள் பத்து ஹீரோக்கள், அவர்களிடம் இருப்பவை நாற்பது ஆற்றல்கள். எந்த மனிதனும் இவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆனாலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சரியான முடிவை எடுக்கிறார்கள். எப்படி?

1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் வெளியிட்ட சதுரங்க ஆய்வு இதற்கு விடை தருகிறது. உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவிலிருந்து எடுத்த நிலையை ஐந்து வினாடி காட்டி மறைத்தார்கள். வல்லவர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்து சரியாக அடுக்கினார். புதியவர் சிலவற்றையே அடுக்கினார். பிறகு அதே காய்களை முறையின்றிக் கலைத்து வைத்துக் காட்டினார்கள். இப்போது வல்லவரின் சிறப்பு ஏறக்குறைய மறைந்து போயிற்று! அவருடைய நினைவாற்றல் பெரியதன்று. பொருளோடு கூடிய காய்க் கூட்டங்களை ஒரே துண்டாகப் பார்க்கப் பழகியிருந்தார்; அவ்வளவே. இருபத்தைந்து காய்கள் அவர் கண்ணுக்கு ஐந்தாறு துண்டுகள்.

இந்த ஆட்டத்திலும் கதை இதுதான். தேர்ந்தவர் நாற்பது ஆற்றல்களைப் பார்ப்பதில்லை. 'இவள் பிடிப்பாள், அவன் அடிப்பான்' என்று ஒரு துண்டாகப் பார்க்கிறார். ஆகவே புதியவர் சேர்க்க வேண்டியவை துண்டுகள். துண்டுகளோ உறவுகளால் ஆனவை. பெயர்களை மட்டும் அடுக்கினால் அவை உண்டாகா.

உறவு என்று நான் சொல்வதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். மிரானா என்ற ஹீரோவிடம் 'சேக்ரட் ஆரோ' என்ற அம்பு உண்டு. நேர்கோட்டில் வெகுதூரம் பறக்கும். யார்மீது பட்டாலும் அவரைச் சில வினாடி செயலற்றுப் போகச் செய்யும். இதை ஆட்டக்காரர்கள் 'ஸ்டன்' என்பார்கள். அம்பு பறந்த தொலைவு கூடினால் ஸ்டன் நேரமும், ஒரு வரம்பு வரை, கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொலைவிலிருந்து எய்தால் எதிரி இரண்டடி விலகிக் கொள்கிறான்; அம்பு வெறும் காட்டுக்குள் போய் விழுகிறது. பட்டியலைப் படித்து மிரானாவைத் தேர்ந்தெடுத்த மாணவன் நாலைந்து அம்புகளை வீணாக்கிவிட்டு, "இந்த ஹீரோ உதவாது" என்று முடிவு கட்டுகிறான்.

கிரிஸ்டல் மெய்டன் என்று இன்னொரு ஹீரோ. உடல் வலு குறைந்தவள், நடையும் மெது. அவளிடம் 'ஃப்ராஸ்ட்பைட்' என்ற பனிப்பிடி உண்டு. அது எதிரியை நின்ற இடத்திலேயே சில வினாடி உறைய வைக்கிறது; அவனால் நகரவும் முடியாது, ஆயுதத்தால் தாக்கவும் முடியாது. தன் ஆற்றல்களை மட்டும் வீச முடியும். தனியாகப் பார்த்தால் இதுவும் பெரிய வித்தையில்லை.

இவ்விருவரையும் சேர்த்துப் பாருங்கள். நகர முடியாதவன் அம்பிலிருந்து விலக முடியாது. அம்பின் குறையைப் பனிப்பிடி நீக்குகிறது. பனிப்பிடி முடிந்த பிறகு வரும் வெற்றிடத்தை அம்பின் ஸ்டன் நிரப்புகிறது. இங்கே ஒரு பௌதிகக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. பிடி 2 வினாடி நிற்கிறது, அம்பு வினாடிக்கு 900 அலகு வேகத்தில் பறக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். பிடித்த கணத்திலேயே அம்பை விட்டால் மிரானா 1,800 அலகுக்குள் நிற்க வேண்டும். அதற்கு அப்பால் நின்றால் அம்பு வந்து சேருமுன் எதிரி விடுபட்டுவிடுவான். மிக அருகில் நின்றாலோ அம்பு உறுதியாகப் படும், ஆனால் ஸ்டன் நேரம் குறைந்துவிடும். தொலைவு சமம் வேகம் பெருக்கல் நேரம் என்று ஒன்பதாம் வகுப்பில் எழுதினீர்களே, அந்தச் சமன்பாடு இதோ இங்கே! குறுக்கே எதிரணியின் சிறு படைவீரன் யாராவது வந்தால் அம்பு அவன்மீது பட்டு நின்றுவிடும் என்பது வேறு கதை.

இதைத்தான் 'சினர்ஜி' என்கிறார்கள். சேர்ந்து உழைத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாம் கூட்டு விளைவு என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தியலாருக்கு இது பழைய சொல். சல்ஃபாமீதாக்சசோல், டிரைமெத்தோபிரிம் என்ற இரு மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துக் கொடுப்பது 1960-களின் இறுதியிலிருந்து வழக்கத்தில் இருக்கிறது. பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலேட்டைப் படிப்படியாகத் தானே தயாரித்துக் கொள்கிறது. முதல் மருந்து ஒரு படியை அடைக்கிறது. இரண்டாவது மருந்து அதே பாதையின் பிந்தைய படி ஒன்றை அடைக்கிறது. தனித்தனியே கொடுத்தால் பெரும்பாலும் கிருமியின் பெருக்கம் நிற்கும், அவ்வளவுதான். சேர்த்துக் கொடுத்தால் பல கிருமிகள் மாண்டே போகின்றன. இரண்டும் வலுவான மருந்துகள் என்பது மட்டும் காரணமன்று. அவை அடைக்கும் இடங்கள் வெவ்வேறு, ஆனால் பாதை ஒன்று. கூட்டு விளைவைத் தேடும்போது இந்தக் கண்ணோடு தேட வேண்டும்.

எதை எதனோடு சேர்த்தாலும் பயன் கூடும் என்பதும் இல்லை. புதியவர்கள் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரிடம் 2 வினாடி ஸ்டன், மற்றவரிடமும் 2 வினாடி ஸ்டன் இருக்கிறது. எதிரியைக் கண்டதும் இருவரும் ஒருங்கே வீசுகிறார்கள். மொத்தம் எத்தனை வினாடி? நான்கு என்பான் பட்டியல் படித்தவன். விடை இரண்டே. இரண்டு ஸ்டன்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஒன்று வீணாகிறது. முதலாவது முடியும் தறுவாயில் இரண்டாவதை வீசினால்தான் நான்கு. இதற்குப் பொறுமை வேண்டும். பொறுமையோ புதியவரிடம் கிடைத்தற்கரிய சரக்கு.

இன்னும் சுவையானது ஃபேஸ்லெஸ் வாய்டின் 'க்ரானோஸ்ஃபியர்'. ஒரு பெரிய கோளம். அதற்குள் அகப்பட்ட எல்லாருக்கும் காலம் நின்றுவிடும். அவன் மட்டும் உள்ளே நடமாடுவான். 'எல்லாருக்கும்' என்பதில் சொந்த அணியினரும் அடக்கம்! வாளேந்தி அருகில் நின்று போரிடும் தோழன் கோளத்துக்குள் பாய்ந்தால் அவனும் எதிரியோடு சேர்ந்து சிலையாகிறான். வெகுதொலைவிலிருந்து சுடும் ஸ்னைப்பரோ கோளத்துக்கு வெளியே நின்றபடி, அசையாத இலக்குகளைச் சுட்டுத் தள்ளுகிறான். ஒரே ஆற்றல், ஒரு தோழனுக்கு வரம், இன்னொரு தோழனுக்குச் சாபம். 'க்ரானோஸ்ஃபியர் நல்லதா, கெட்டதா?' என்ற கேள்விக்கே பொருளில்லை என்பது இப்போது விளங்கும். ஹீரோக்களை முதல்தரம், இரண்டாம்தரம் என்று வரிசைப்படுத்தும் பட்டியல்களை நான் நம்பாததற்கும் இதுவே காரணம். உப்பு சிறந்ததா, சர்க்கரை சிறந்ததா என்று தரம் பிரிப்பது போன்றது அது. எந்தப் பண்டத்தில் போடப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டாமா?

மறுப்பு ஒன்று வரும் என்று எதிர்பார்க்கிறேன். "ஆயிரக்கணக்கில் ஆடினால் எல்லாம் தானே படியும், ஆராய்ச்சி எதற்கு?" என்பார்கள். இந்த வழியில் எல்லை வரை போய்ப் பார்த்த ஒருவர் உண்டு, மனிதரல்லர், இயந்திரம். ஓபன் ஏஐ நிறுவனம் உருவாக்கிய 'ஓபன் ஏஐ ஃபைவ்' என்ற செயற்கை நுண்ணறிவு தன்னோடு தானே ஆடி ஆடி இந்த விளையாட்டைக் கற்றது. 2018 ஆகஸ்டில் கனடாவின் வான்கூவரில் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் இரண்டு ஆட்டங்களில் தோற்றது. 2019 ஏப்ரல் 13 அன்று சான் பிரான்சிஸ்கோவில், 2018-இன் உலக வெற்றியாளர்களான ஓஜி அணியை இரண்டுக்குப் பூச்சியம் என்று வென்றது. பின்னர் பொதுமக்களோடு ஆடிய 7,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் 99.4 விழுக்காடு அதன் வெற்றிகள். பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்காக அது ஆடிய ஆட்டத்தின் அளவு என்ன தெரியுமா? பத்து மாதங்களுக்குள் 45,000 ஆண்டுகளுக்கு ஈடான ஆட்டம்! பல கணிப்பொறிகளில் ஒரே நேரத்தில் ஆடியதால் இது இயன்றது. அப்படியும் 17 ஹீரோக்களை மட்டும் வைத்துக்கொண்டே ஆடிற்று.

நீங்கள் நாள்தோறும் ஓர் ஆட்டம், ஆட்டத்துக்கு 40 நிமிடம் என்று ஓராண்டு ஆடினாலும் சேரும் அனுபவம் 243 மணி நேரம். அதாவது பத்து நாட்கள். பத்து நாள் எங்கே, 45,000 ஆண்டு எங்கே! இயந்திரத்தின் வழியில் நாம் போக முடியாது. போக வேண்டியதுமில்லை. 'கோளத்துக்குள் தோழனும் உறைவான்' என்று ஒருமுறை சொன்னால் போதும், அருகில் நின்று போரிடும் எல்லா ஹீரோக்களுக்கும் அது பொருந்தும் என்று நமக்கு உடனே புரிகிறது. காரணம் கேட்டு அறியும் இந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் நம்புவானேன்?

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த அடி ஆயுத அடி, எந்த அடி மந்திர அடி என்பதைத் தெரிந்துதான் வைத்திருக்க வேண்டும். ஸ்லார்டர் எதிரியின் கவசத்தைக் குறைப்பான். அது ஆயுதத்தால் அடிக்கும் தோழனுக்கு உதவும், மந்திரத் தீ வீசும் லினாவின் அடிக்கு உதவாது. இத்தகைய அடிப்படைகள் சிலவே. எண்கள்தாம் பல. அந்த எண்களை வால்வ் நிறுவனம் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கிறது. இன்று 2 வினாடி என்று உருப்போட்டது நாளை ஒன்றேமுக்கால் ஆகலாம். நகர முடியாதவன்மீது அம்பு படும் என்பது மாறாது.

இதில் ஒரு விளையாட்டின் வெற்றி தோல்வியைவிடப் பெரிதான ஒன்று இருக்கிறது. புதியவர் தவறு செய்தால் அணியினர் ஏசுவது இத்தகைய ஆட்டங்களில் வெகு சாதாரணம். ஒரு மாத காலம் ஏச்சு வாங்கிய மாணவனோ மாணவியோ, "எனக்கு மூளை போதாது" என்று விலகிவிடுகிறார்கள். விளையாட்டை விட்டால் பாதகமில்லை. தன்னைப் பற்றிய அந்த முடிவைப் பிற பாடங்களுக்கும் எடுத்துச் செல்கிறார்களே, அதுதான் கேடு.

ஏசுகிறவர்களைக் குறித்தும் ஓர் ஆய்வு உண்டு. 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி, சிலரைப் பிரபலமான பாடல்களின் தாளத்தை மேசைமீது விரலால் தட்டச் சொன்னார். கேட்பவர்கள் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியளவு பாடல்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே! தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுதும் ஒலிக்கிறது; கேட்பவருக்கோ வெறும் 'டக் டக்'. பழகிய ஆட்டக்காரர் "ஏன் இப்போது வீசவில்லை?" என்று கத்தும்போது நடப்பதும் இதுதான். அவர் கண்ணில் தெரியும் துண்டு புதியவர் கண்ணில் இன்னும் உருவாகவே இல்லை. பழகியவர்கள் உதவ விரும்பினால் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: "நான் பிடித்தேன் என்று சொன்னதும் நீ அம்பை விடு." அதற்குமேல் முதல் வாரத்தில் எதுவும் வேண்டாம்.

புதியவருக்கு என் யோசனை இது. ஒரு ஹீரோவை எடுத்துக்கொண்டு இருபது ஆட்டமாவது அவரை மாற்றாதீர்கள். டோட்டா 2-இல் எல்லா ஹீரோக்களும் இலவசம். விலைக்கு விற்கும் ஆடை அணிகள் ஹீரோவின் வலிமையை இம்மியும் கூட்டுவதில்லை. ஆகவே அப்பாவின் பணப்பையை நாட வேண்டாம். ஆட்டம் முடிந்ததும், 'என் ஆற்றல் பலித்த இடத்தில் அதற்கு முந்தி யாருடைய ஆற்றல் விழுந்தது?' என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தோழரின் ஹீரோவைப் பற்றி அப்போது படியுங்கள். 120 பேரில் இப்படி ஆறேழு பேரைக் காரணத்தோடு அறிந்தாலே பெரிய காரியம். உறங்கும் நேரத்தைத் திருடி ஆடுவதில் பயனில்லை. பகலில் கற்றது மூளையில் நன்றாகப் படிவதற்கு உறக்கம் வேண்டும்.

ஹீரோ ஒருவரைத் தனியாகச் சோதித்துப் பார்க்க விளையாட்டிலேயே ஒரு பயிற்சிக்களம் உண்டு. அதில் எதிரிகளை நாமே நிறுத்தி வைக்கலாம், ஆற்றல்களைக் காத்திராமல் திரும்பத் திரும்ப வீசலாம். ஆய்வுக்கூடம் போலவே அதைப் பயன்படுத்துங்கள்; ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மிரானாவை நிறுத்தி, 600 அலகு, 1,200 அலகு, 1,800 அலகு தொலைவுகளிலிருந்து அம்பை எய்து, எதிரி எத்தனை வினாடி செயலற்று நிற்கிறான் என்று கைக்கடிகாரத்தால் அளந்து வரைபடம் வரையுங்கள். கோடு எந்த இடத்தில் உயர்வதை நிறுத்துகிறது? பனிப்பிடியை எந்த வினாடியில் போட்டால் அந்த இடத்துக்கு அம்பு சரியாக வந்து சேரும்? தன்னைச் சுற்றியுள்ள எதிரிகளை ஸ்டன் செய்யும் ஆற்றலும் ஸ்லார்டரிடம் உண்டு. அவனையும் மூன்றாவதாகச் சேர்த்தால் அவன் அம்புக்கு முன் வர வேண்டுமா, பின் வர வேண்டுமா?